இயக்குநர்கள் உண்டு, ஒலிப்பதிவாளர்கள் எங்கே?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ நடைபெறும் குறும்படத் திரையிடல் ஒன்றுக்குச் செல்பவர்கள், படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை கவனித்துப் பார்க்க வேண்டும். கதை, திரைக்கதை, வசனம், படத்தொகுப்பு, இயக்கம் ஆகிய ஐந்துக்கும் பெரும்பாலும் ஒரே பெயரே இருக்கும். ஒளிப்பதிவுக்கு இன்னொரு பெயர் இருக்கும். இசைக்கு ஒரு நண்பரின் பெயர் காணப்படும். ஒலிப்பதிவு, ஒளியமைப்பு, தயாரிப்பு முகாமைத்துவம் என்ற சொற்களைப் பல பட்டியல்களில் காணவே முடியாது. திரையிடல் முடிந்து வெளியே வரும் பார்வையாளர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான். படம் நன்றாகவே இருந்தது, ஆனால் பேசியதுதான் சரியாக விளங்கவில்லை என்பார்கள்.

இதனை வளர்ந்துவரும் கலைஞர்களின் சிறு குறையாகக் கருதி மன்னித்து விடுவது எமது வழக்கமாகி விட்டது. அவ்வாறு மன்னிப்பதன் மூலம் நாம் அவர்களுக்கு நன்மை செய்யவில்லை என்பதே உண்மை. எமது இளைஞர்களிடம் கற்பனைக்கும் பஞ்சமில்லை, உழைப்புக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் நிலவுவது தொழில் அறிந்த கைகளுக்கே. திரைப்படம் ஒரு கலை என்பதை நாம் ஏற்றுக்கொண்ட அளவுக்கு அது பல தொழில்களின் கூட்டு என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தத் தொழில்களைத் தமிழில் முறையாகக் கற்பிப்பதற்கான பொது ஏற்பாடு ஒன்று இந்நாட்டில் இல்லாதிருக்கும் வரை, ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் எழுச்சி பற்றி நாம் மேடைகளில் பேசுவதெல்லாம் பேச்சாகவே முடியும்.

மதுரையில் தொடங்கிய கதை

இலங்கையின் திரைப்பட வரலாற்றை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி புதிதல்ல. சிங்கள மொழியின் முதலாவது பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஆம் ஆண்டு ஜனவரியில் திரைக்கு வந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம்பிடிக்கப்பட்டது மதுரையில். அன்று இந்நாட்டில் படப்பிடிப்புத் தளமும் இருக்கவில்லை, தொழில்நுட்பம் அறிந்தோரும் இருக்கவில்லை. ஆகவே நடிகர்கள் கடல் கடந்து சென்றனர். பின்னர் நாயகம் கந்தானையில் ஸ்டூடியோ ஒன்றை நிறுவினார். கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹேந்தளையில் எழுந்தது. இலங்கைச் சினிமாவின் தொழில்நுட்ப அத்திவாரத்தில் தமிழரின் முதலீடும் உழைப்பும் கணிசமாகக் கலந்திருந்தன என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எம்.கே. றொக்சாமி, ஆர். முத்துசாமி போன்றோர் சிங்களத் திரையிசைக்கு ஆற்றிய பங்களிப்பும் அத்தகையதே.

1983 ஜூலையில் அந்த அத்திவாரம் எரிந்தது. ஹேந்தளை ஸ்டூடியோ தீக்கிரையாக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் அந்த வன்செயல்களின்போது கொல்லப்பட்டார். அன்று அழிந்தவை கட்டடங்களும் படச்சுருள்களும் மட்டுமல்ல. அத்தகைய தளங்களில் விளக்குப் பிடிப்பவராக, கமராவின் குவியத்தைச் சரிசெய்பவராக, ஒலிக்கூடத்தில் உதவியாளராக இருந்து தொழிலைக் கற்கும் வாய்ப்பும் தமிழ் இளைஞர்களுக்கு அற்றுப்போயிற்று. எரிந்த கட்டடத்தை மீளக் கட்டலாம். ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டிய தொழிலறிவு இடையில் அறுந்துபோனால், அதனை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நாம் இன்று நிற்பது அந்த இடத்திலேயே.

இதற்கு மாறான ஓர் உதாரணத்தையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம். இந்தியாவின் பூனே நகரில் புகழ்பெற்று விளங்கிய பிரபாத் ஸ்டூடியோ தொழிலை நிறுத்திய பின்னர், அதே வளாகத்தில் இந்திய அரசு 1960 ஆம் ஆண்டு திரைப்பட நிறுவகத்தை ஆரம்பித்தது. படங்கள் எடுக்கப்பட்ட மண்டபங்கள் படமெடுக்கக் கற்பிக்கும் வகுப்பறைகளாயின. ஒரு தொழில் நலிவுற்ற இடத்திலேயே அத்தொழிலின் பள்ளியை எழுப்பும் தூரநோக்கு அங்கு இருந்தது.

அமிர்தகழியிலிருந்து பூனே வரை

அந்தப் பூனே நிறுவகத்தின் பெருமைக்குரிய மாணவர்களுள் ஒருவர் எமது மண்ணைச் சேர்ந்தவர். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, அங்கு ஒளிப்பதிவு பயின்று 1969 ஆம் ஆண்டு தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார். ஒளிப்பதிவுக்காக இந்தியாவின் தேசிய விருதை அவர் பெற்றதும், தமிழ்த் திரையின் ஒளியழகை மாற்றியமைத்த ஒரு சிலருள் ஒருவராகத் திகழ்ந்ததும் யாவரும் அறிந்ததே. 2014 இல் அவர் மறைந்தபோது எமது பத்திரிகைகள் அனைத்தும் அவரை ‘ஈழம் தந்த கலைஞன்’ என்று போற்றி எழுதின. அவரை எமது மண் தந்தது உண்மையே. ஆனால் அவருக்கு ஒளிப்பதிவைக் கற்பித்தது எமது மண் அல்ல. அவரது உழைப்பின் பயனும் பெரும்பாலும் இந்தியத் திரைக்கே சென்று சேர்ந்தது. திறமை இங்கு பிறந்து, பயிற்சி வேறிடத்தில் கிடைத்து, பயனும் வேறிடத்திற்கே செல்லும் அந்த நிலை அரை நூற்றாண்டு கழிந்தும் மாறவில்லை.

தமிழகத்தைப் பற்றிப் பேசும்போது, அங்கு உதவியாளர் மரபே பள்ளிக்கூடமாக விளங்கியது என்று பலர் கூறுவதுண்டு. புட்டண்ணா கனகலிடம் பாரதிராஜா உதவியாளராக இருந்தார். பாரதிராஜாவிடம் பாக்யராஜும், பாக்யராஜிடம் பாண்டியராஜனும் பார்த்திபனும் கற்றனர். வகுப்பறைக்குச் செல்லாமலே தொழில் கைமாறியது. இது உண்மையே. எனினும் அந்த மரபுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டு முழுவதும் படப்பிடிப்பு நடக்க வேண்டும். உதவியாளருக்கு ஒரு படம் முடிந்தவுடன் அடுத்த படம் காத்திருக்க வேண்டும். இருபத்து நான்கு தொழில்களுக்கும் தனித்தனிச் சங்கம் வைக்கும் அளவுக்குத் தொழிலாளர் பெருகியிருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை கடன்பட்டு ஒரு முழுநீளப் படம் எடுக்கும் எமது சூழலில் யாரிடம் யார் உதவியாளராக இருந்து கற்பது?

அத்துடன், அவ்வளவு பெரிய தொழிற்றுறை இருந்த சென்னையிலேயே அரசு பள்ளியை ஒதுக்கிவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1940களிலேயே அங்குள்ள மத்திய தொழில்நுட்பப் பயிலகத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் பாடங்களாக்கப்பட்டன. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று மக்கள் அழைக்கும் நிறுவனம் அவ்வாறு தோன்றியதே. பி.சி. ஸ்ரீராம் அங்கு பயின்றவர். 1986 இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ அந்தக் கல்லூரி மாணவர்களின் கூட்டு முயற்சி. அப்படம் தமிழ்த் திரையின் ஒலிக்கும் ஒளிக்கும் புதிய வழியொன்றைக் காட்டியது. அக்கல்லூரி இயக்குநர் பயிற்சியோடு தொடங்கவில்லை, ஒளிப்பதிவோடும் ஒலியோடும் தொடங்கியது என்பதே எமக்குரிய பாடம்.

எமது நாட்டிலேயே கிடைத்த பாடம்

இத்தகைய முன்மாதிரிக்காக நாம் கடல் கடக்க வேண்டியதும் இல்லை. 1948 ஆம் ஆண்டு இலங்கையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு உருவாக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழில்நுட்பவியலாளரின் வழிகாட்டலில் அது செய்திப்படங்களையும் விவரணப் படங்களையும் தயாரித்தது. அது பாடசாலையாக ஆரம்பிக்கப்படவில்லை. ஆனால் மாதச் சம்பளத்துடன் தொழிலைக் கற்கும் இடமாக அமைந்தது. அங்கு பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் த சில்வா ஆகிய மூவரும் வெளியேறி 1956 இல் ‘ரேகாவ’ படத்தை உருவாக்கினர். ஸ்டூடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்து வெயிலில் எடுக்கப்பட்ட அப்படம் மறு ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. சிங்களச் சினிமா தனக்கென ஒரு முகத்தைப் பெற்றது அதன் பின்னரே.

‘ரேகாவ’ பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லெஸ்டரைப் பற்றி மட்டுமே பேசுவர். ஆனால் அவருடன் கமராவைக் கையாளத் தெரிந்த ஒருவரும் படத்தைத் தொகுக்கத் தெரிந்த ஒருவரும் வந்திராவிட்டால் அவரது கற்பனை காகிதத்திலேயே நின்றிருக்கும். டைட்டஸ் தொட்டவத்த என்று பின்னர் அறியப்பட்ட அந்தப் படத்தொகுப்பாளர், 1982 இல் ஆரம்பிக்கப்பட்ட ரூபவாஹினியில் வெளிநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களத்தில் குரல்மாற்றம் செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். ஒரு தலைமுறைச் சிங்களச் சிறுவர்கள் அவரது கைவண்ணத்தில் வளர்ந்தனர். ஒரு தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றுவிப்பதற்கு அரசு செலவிட்ட பணம் முப்பது ஆண்டுகளின் பின்னரும் சமூகத்துக்குப் பயன் தந்து கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுவர்களுக்காக அத்தகைய பணியைத் தலைமேற்கொள்ளும் ஒருவர் ஏன் உருவாகவில்லை என்ற கேள்வியையும் நாம் எமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் படங்கள் இங்கு எடுக்கப்படவில்லை என்பதல்ல. 1960களின் ஆரம்பத்தில் ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ ஆகியவற்றோடு தொடங்கிய முயற்சி, ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ எனத் தொடர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு தனிமனிதரின் துணிச்சலில் எழுந்தது. பலர் வீட்டையும் நகையையும் அடகு வைத்தே படமெடுத்தனர். ஒரு படத்தில் பெற்ற அனுபவம் அடுத்த படத்துக்குச் செல்லும் வழி இருக்கவில்லை. எமது மக்களின் வாழ்வைப் பேசியவையாக இன்று வெளியுலகில் கூடுதலாக அறியப்படும் இரு தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்வோம். 1977 இன் ‘பொன்மணி’யை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. 2012 இல் கான் நகரில் திரையிடப்பட்ட ‘இனி அவன்’ படத்தை இயக்கியவர் அசோக ஹந்தகம. இருவரும் சிங்களக் கலைஞர்கள். அவர்களது நேர்மையும் துணிவும் எமது நன்றிக்குரியவை. அதேவேளை, எமது கதையைச் சொல்வதற்கான தொழில்நுட்ப வளம் அவர்களுக்கு எட்டிய அளவுக்கு எமது கலைஞர்களுக்கு எட்டவில்லை என்பதையும் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று உள்ளவையும் இல்லாதவையும்

இன்றைய நிலை முற்றிலும் வெறுமையானது என்று கூறிவிட முடியாது. 1980களில் ஜேர்மனிய உதவியுடன் கொழும்பில் அமைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகம் பலரை உருவாக்கியுள்ளது. களனிப் பல்கலைக்கழகத்தில் சினிமாவும் தொலைக்காட்சியும் பட்டப்படிப்பின் பாடங்களாக உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் உள்ளன. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. க.பொ.த. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாகவே இருக்கின்றது.

ஆயினும் கொழும்பிலுள்ள தொழிற்பயிற்சிகள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமே நடைபெறுகின்றன. நானுஓயாவிலிருந்தோ வாகரையிலிருந்தோ வரும் ஒரு தமிழ் மாணவனுக்கு மொழி ஒரு சுவராகவும், கொழும்பில் தங்குவதற்கான செலவு இன்னொரு சுவராகவும் நிற்கின்றன. எமது பல்கலைக்கழகங்களில் நடைபெறும் கற்கைகளோ ஊடகக் கோட்பாட்டுக்கும் செய்தித்துறைக்கும் முதலிடம் வழங்குபவை. அது தவறல்ல, பல்கலைக்கழகத்தின் பணி அதுவே. ஆனால் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து வெட்டுப்புள்ளியைத் தாண்டியவனே கமராவைத் தொடலாம் என்ற நிலை, கையால் தொழில் செய்யப் பிறந்த பலரை வாசலிலேயே நிறுத்தி விடுகின்றது. ஒரு நல்ல ஒலிப்பதிவாளனுக்கு வேண்டியது கூர்மையான செவியும், பொறுமையும், மின்னியலில் அடிப்படை அறிவுமே. இவற்றை எந்தப் பரீட்சைத் தாளும் அளவிடுவதில்லை.

எஞ்சியிருப்பவை பயிற்சிப் பட்டறைகள். யுத்தம் முடிவடைந்த 2009 இன் பின்னர் அரச சார்பற்ற நிறுவனங்களும் தூதரகங்களும் இத்தகைய பட்டறைகளை ஏராளமாக நடத்தியுள்ளன. மூன்று நாள் விரிவுரை, நான்காம் நாள் படப்பிடிப்பு, ஐந்தாம் நாள் சான்றிதழும் குழுப் புகைப்படமும். இவற்றால் ஆர்வம் தூண்டப்பட்டது என்பதை ஏற்கிறோம். ஆனால் தச்சுத் தொழிலை ஐந்து நாட்களில் கற்பிக்க முடியும் என்று எவரும் நம்புவதில்லை. ஒளிப்பதிவை மட்டும் அவ்வாறு கற்பிக்கலாம் என்று நம்புவது எங்ஙனம்? ஒரே இளைஞரிடம் ஆறேழு பட்டறைகளின் சான்றிதழ்கள் இருப்பதையும், அவற்றுள் ஒன்றேனும் அவருக்கு வேலை பெற்றுத் தராததையும் நாம் கண்டிருக்கிறோம்.

மங்கல வீடுகள் தரும் வாழ்வாதாரம்

திரைப்படத் தொழிலே இல்லாத இடத்தில் பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் தொழில் இல்லை என்ற கூற்றே சரியானதல்ல. வடக்கு, கிழக்கில் கமராவை நம்பி வாழும் குடும்பங்கள் இன்று ஏராளம். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, ஆலய மஹோற்சவம், பிறந்தநாள் என ஆண்டு முழுவதும் வேலை இருக்கின்றது. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் இத்தொழிலைத் தாங்கி நிற்கின்றது. மரணச் சடங்கைக் கூட ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகள் பார்க்கும்படி நேரலையாக ஒளிபரப்புகிறார்கள். சுடுகாடு வரை கமராவுடன் செல்லும் அந்த இளைஞன் பல கமராக்களின் காட்சிகளை அந்தக் கணத்திலேயே தெரிந்து இணைக்கிறான், இணையத் தொடர்பு அறுந்துபோகாமல் காக்கிறான். அழுகையின் நடுவே எவரையும் இடறாமல் நிற்கவும் அவனுக்குத் தெரியும். இவையனைத்தும் தொலைக்காட்சி நிலையமொன்றில் மதிப்புள்ள திறன்கள். அவற்றுக்குப் பெயரும் இல்லை, தகைமையும் இல்லை என்பதே குறை.

இவர்கள் தாமாகவே கற்றவர்கள். சிறந்த கமராக்களை வாங்கியிருக்கிறார்கள். பறக்கும் கமராவை இயக்குகிறார்கள். ஆனால் முதலீட்டின் பெரும்பகுதி கமராவுக்கே செல்கின்றது. ஒலிவாங்கிக்கும் விளக்குக்கும் மிகச் சொற்பமே செல்கின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது, இக்கருவிகளின் விலை இவர்களின் எட்டுக்கு அப்பாற் சென்றது. அத்தகைய வேளைகளில் இருப்பதைக் கொண்டு சிறப்பாகச் செய்யும் அறிவே கைகொடுக்கும். ஒரு சாளரத்தின் வெளிச்சத்தையும் ஒரு வெள்ளைத் துணியையும் வைத்துக்கொண்டு முகத்துக்கு ஒளியமைக்கத் தெரிந்தவனுக்கு விலையுயர்ந்த விளக்கு அவசியமில்லை. அதனைத் தெரிந்துகொள்வதற்குத்தான் பள்ளி வேண்டும்.

குரல் இழந்தால் மொழியும் இழக்கும்

ஒலிப்பதிவை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் ஒலியைச் சரியாகப் பதிவுசெய்ய இயலாதவிடத்து, பின்னர் கூடமொன்றில் குரல் கொடுக்க வேண்டும். நடிக்கத் தெரிந்த ஒரு மீனவரோ தோட்டத் தொழிலாளியோ ஒலிக்கூடத்தில் தனது உதட்டசைவுக்கு ஏற்பப் பேசுவதற்குத் தடுமாறுவார். ஆகவே வேறொருவரின் பழகிய குரல் அவ்விடத்தை நிரப்பும். அந்தக் குரலில் நெடுந்தீவின் பேச்சு இராது, படுவான்கரையின் பேச்சு இராது, மஸ்கெலியாவின் பேச்சும் இராது. எமது தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் மீது, அவை தென்னிந்தியப் படங்களைப் போன்றே பேசுகின்றன என்ற விமர்சனம் வைக்கப்பட்டது. அதனை எழுத்தாளர்களின் குற்றமாகவே நாம் கண்டோம். தளத்தில் ஒலி பிடிக்கத் தெரிந்தவர் இல்லாமையும் அதற்கு ஒரு காரணமாகும்.

படப்பிடிப்பு நடக்கும் அறையில் எவரும் பேசாதிருக்கும்போது நிலவும் மௌனத்தையும் தனியே ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்துக்கொள்வது ஒலிப்பதிவாளர்களின் அடிப்படை ஒழுங்கு. தொகுப்பின்போது வசனங்களுக்கிடையிலான வெற்றிடத்தை நிரப்புவதற்கு அது பயன்படும். ஒரு நிமிட வேலைதான். அதனை யாரேனும் சொல்லித் தராதவரை எவருக்கும் தோன்றாது. தொழிற்பயிற்சி என்பது இத்தகைய நூறு சிறு ஒழுங்குகளின் தொகுப்பே. கேரளக் கிராமமொன்றில் பிறந்து, பூனேயில் ஒலிப்பதிவு கற்று வெளியேறிய ரசூல் பூக்குட்டி 2009 இல் ஒஸ்கார் மேடையில் ஏறினார். அவரை அங்கு கொண்டுசென்றது இந்தச் சிறு ஒழுங்குகளில் பெற்ற தேர்ச்சியே.

இது சினிமாவுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அன்று முதல் இன்று வரை அந்தத் தாய்மாரின் வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகளில் பதியப்பட்டிருக்கின்றன. விடை கிடைக்காமலே கண்மூடிய தாய்மார் பலர். வீதியில் செல்லும் வாகனங்களின் இரைச்சலில் பாதி அமிழ்ந்துபோன அந்தக் குரல்களை நாளை எவரேனும் கேட்டு விளங்கிக்கொள்ள முடியுமா? அப்பதிவுகள் எங்கே, எந்த ஒழுங்கில், எத்தனை பிரதிகளாகப் பேணப்பட்டுள்ளன? பதிவுசெய்வதைப் போலவே பேணிப் பாதுகாப்பதும் ஒரு தொழில். பயிற்றப்பட்ட கைகள் இல்லாத சமூகத்தின் நினைவுகள் அதன் கண்முன்னே அழிந்துபோகும் என்பதை எம்மைவிட அறிந்தவர் வேறு யார்?

இயந்திரம் செய்து விடாதா?

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி இத்தொழில்களைக் கற்று என்ன பயன் என்று கேட்போர் உளர். ஒலியிலுள்ள இரைச்சலை நீக்கவும் காட்சிகளை வெட்டி ஒட்டவும் மென்பொருட்கள் வந்துவிட்டன என்பது உண்மையே. 2023 ஆம் ஆண்டு ஹொலிவூட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தமைக்கு இந்த அச்சமும் ஒரு காரணம். எனினும் இயந்திரம் வரும்போது முதலில் இடம்பெயர்வது தொழிலை மேலோட்டமாகக் கற்றவனே. எது நல்ல ஒலி, எது கெட்ட ஒலி என்று தீர்மானிக்கத் தெரிந்தவனுக்கு இயந்திரம் உதவியாளாகின்றது, தெரியாதவனுக்கு எசமானாகின்றது. மேலும், யாழ்ப்பாணத்துப் பேச்சையோ மலையகப் பேச்சையோ இந்த இயந்திரங்கள் செம்மையாக அறிந்துகொள்வதற்குக் கூட அப்பேச்சின் தெளிவான ஒலிப்பதிவுகள் முதலில் வேண்டும்.

பயிற்சி என்பது பாதுகாப்புக்கும் உரியது. 2020 பெப்ரவரியில் சென்னையில் பெரும் பொருட்செலவில் நடைபெற்ற படப்பிடிப்பொன்றில் விளக்குகளைத் தாங்கிய பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். கேரளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 இல் வெளியானபோது, பாலியல் சுரண்டலோடு, படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையோ உடைமாற்றும் இடமோ இல்லாத அவலமும் வெளிச்சத்துக்கு வந்தது. வளர்ந்த தொழிற்றுறைகளிலேயே இந்நிலை எனின், இனித் தொடங்கப்போகும் நாம் தொடக்கத்திலேயே ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துமூல ஒப்பந்தம், வேலை நேரம், காப்புறுதி, பெண்களுக்கான பாதுகாப்பு ஆகியவை பாடத்திட்டத்தின் முதல் அத்தியாயமாக அமைய வேண்டும். அப்போதுதான் பெற்றோர் தமது பெண்பிள்ளைகளைத் தயக்கமின்றி இத்துறைக்கு அனுப்புவர்.

செய்யக்கூடியவை

புதிய கட்டடம், புதிய அதிகாரசபை, அடிக்கல் நாட்டு விழா என்று இதனைத் தொடங்க வேண்டிய அவசியமில்லை. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் முறைமை இந்நாட்டில் ஏற்கனவே உள்ளது. தொழில்நுட்பக் கல்லூரிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்துவைக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் மின்தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. ஒரு வாகனத்தின் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டக் கற்பிக்கும் அதே முறையில், ஒலிப்பதிவு, கமரா உதவியும் ஒளியமைப்பும், படத்தொகுப்பு, தயாரிப்பு முகாமைத்துவம் ஆகிய நான்கு துறைகளில் ஓராண்டுச் சான்றிதழ் நெறிகளைத் தமிழில் ஆரம்பிக்கலாம். ஏற்கனவே தொழிலில் உள்ள மங்கல வீட்டு ஒளிப்பதிவாளர்களுக்கு, அவர்களது அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் ஏற்பாட்டையும் செய்யலாம். அவர்களே நாளைய ஆசிரியர்கள்.

இரண்டாவது தேவை, கற்றவர்களுக்கு வேலை. 1948 இன் அரசாங்கத் திரைப்படப் பிரிவு காட்டிய வழி இங்கு பொருந்தும். விவசாயம், மீன்பிடி, சுகாதாரம், கல்வி எனப் பல திணைக்களங்களும் மாகாண சபைகளும் ஆண்டுதோறும் விளக்கப் படங்களுக்குப் பணம் செலவிடுகின்றன. அவற்றுள் தமிழில் தயாரிக்கப்படுபவற்றைப் பயிற்சி முடித்தோரின் குழுக்களுக்கு, கூலியுடனான தொழிற்பயிலுநர் திட்டமாக வழங்கினால் இரு பயன்கள் ஒருங்கே கிட்டும். மாணவருக்கு அனுபவம் கிடைக்கும். தற்போது சிங்களத்திலிருந்து அவசரமாக மொழிமாற்றம் செய்யப்பட்டு எவருக்கும் விளங்காமற் போகும் அறிவித்தல் படங்களுக்குப் பதிலாக, எமது மக்களின் மொழியில் எடுக்கப்பட்டவையும் கிடைக்கும்.

பணத்துக்கு எங்கே செல்வது என்ற கேள்விக்கும் விடை உண்டு. இறக்குமதி செய்யப்படும் தொலைக்காட்சி நாடகங்கள், திரைப்படங்கள் மீது வரி விதிக்கும் ஏற்பாடு 2006 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம் கொண்டுவரப்பட்டது. இங்கு இறக்குமதியாகும் நாடகங்களிலும் படங்களிலும் கணிசமானவை தமிழ் மொழியிலானவை என்பதை எமது தொலைக்காட்சிகளைப் பார்ப்போர் அனைவரும் அறிவர். தமிழ்ப் பார்வையாளர் பார்ப்பவற்றிலிருந்து திரட்டப்படும் வருமானத்தின் ஒரு பங்கு தமிழ்த் தொழில்நுட்பவியலாளரின் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்று கோருவது சலுகை கேட்பதாகாது. அது நியாயமான கணக்கு.

புலம்பெயர்ந்த எமது மக்களுக்கும் இதில் பங்குண்டு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஒலி, ஒளி, கணினி வரைகலைத் துறைகளில் பணியாற்றும் எம்மவர் உள்ளனர். விடுமுறைக்கு வந்து இரு நாள் விரிவுரையாற்றிப் பொன்னாடை பெற்றுச் செல்வதற்குப் பதிலாக, ஒரு பருவம் இங்கு தங்கிக் கற்பிக்க அவர்கள் முன்வர வேண்டும். ஊர்ச் சங்கங்கள் கோபுரங்களுக்கு வழங்கும் தாராளத்தில் சிறு பங்கேனும் ஒரு ஒலிக்கூடத்துக்கு வந்து சேருமாயின் அதுவும் ஓர் அறப்பணியே.

இவையனைத்துக்கும் மேலாக மாற வேண்டியது எமது மனப்பாங்கு. மேடையில் இயக்குநருக்கு மாலை அணிவிக்கும் நாம், நாள் முழுவதும் வெயிலில் ஒலிவாங்கித் தடியை உயர்த்திப் பிடித்து நின்றவரின் பெயரைக் கூட அறிய முற்படுவதில்லை. தமது பிள்ளை ஒளிப்பதிவு கற்கப் போகிறேன் என்று கூறினால், ‘படிப்பு ஏறாதவன்’ என்று முடிவுகட்டும் பெற்றோரும் எம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அப்பால் ஒரு மரியாதையான தொழில் உண்டு என்பதை எமது சமூகம் ஒப்புக்கொள்ளும் நாள் வர வேண்டும்.

நூறு இளைஞர்களை நாம் ஒரே தடவையில் கேட்கவில்லை. ஆண்டொன்றுக்கு இருபது பேர், ஐந்து ஆண்டுகளுக்கு, முறையாகப் பயிற்றப்பட்டால் போதும். அடுத்த தசாப்தத்தில் எமது குறும்பட விழாக்களின் இறுதிப் பெயர்ப் பட்டியல்கள் நீண்டிருக்கும். அவற்றில் ஒலிப்பதிவு என்ற சொல்லும், அதன் எதிரே ஒரு பெயரும் இருக்கும். உயர்கல்வி, தொழிற்கல்வி அமைச்சுகளும், எமது பல்கலைக்கழகங்களும், தமிழ்ப் பிரதிநிதிகளும் இதுபற்றி ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்கு இன்னும் எத்தனை காலம் தேவை? தமது குரல் உலகுக்குக் கேட்கவில்லை என்று நீண்டகாலமாகக் குறைப்பட்டு வரும் ஒரு சமூகம், அந்தக் குரலைத் தெளிவாகப் பதிவுசெய்யத் தெரிந்தவர்களை முதலில் உருவாக்க வேண்டாமா?